ஹெஸ்டாலன் வெளிச்சம்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், ரோரோஸ்

காலையில் ஓஸ்லோவில் ரயில் ஏறி, ஹாமரில் வண்டி மாறி, மதியத்துக்கு மேல் ரோரோஸ் வந்து சேர்ந்தோம். ஹாமருக்கு அப்புறம் பாதையில் மின்கம்பி கிடையாது, டீசல் வண்டிதான். அந்த உறுமலைக் கேட்டதும் எனக்கு ஊர்ப்பக்கத்து பாசஞ்சர் ஞாபகம் வந்துவிட்டது. கூட வந்திருப்பவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் நோர்வே வந்து, அந்தக் காலத்தில் வந்த பல ஈழத்தமிழர்களைப் போல வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஓஸ்லோவுக்கு இறங்கியவர். நான் இங்கே வந்து ஆறு வருடம்தான் ஆகிறது.

போகிற இடம் ஹெஸ்டாலன். ரோரோஸுக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவில், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கு. மொத்தம் 150 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். 1981 டிசம்பரில் தொடங்கி 1984 கோடை வரை இந்தப் பள்ளத்தாக்கின் வானத்தில் விளக்குப் போல வெளிச்சங்கள் வந்துகொண்டே இருந்தன. உச்சத்தில் வாரத்துக்கு 15, 20 தடவை. சில வெளிச்சங்கள் ஓரிரு விநாடியில் மறைந்துவிடும், சில ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். கூரைக்குக் கொஞ்சம் மேலே மஞ்சளாக நகர்ந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மலைமுகட்டில் நீலமும் வெள்ளையுமாக வெட்டி வெட்டி மறைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. சிவப்பு முன்னால் போக, இரண்டு வெள்ளை வெளிச்சம் அதே இடைவெளி விட்டுப் பின்னால் வந்ததைப் பார்த்தவர்களும் உண்டு.

வானத்தில் காரணம் தெரியாத வெளிச்சம் என்று உலகம் முழுக்கக் கதை இருக்கிறது. நம் நாட்டிலேயே கட்ச் பகுதியில் பன்னி புல்வெளிக்காரர்கள் சீர் பத்தி என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு ராத்திரி, ஒரு வாய்வார்த்தை, அதோடு முடிந்துபோகும். ஹெஸ்டாலன் என்னை இத்தனை வருடமாக விடாமல் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம், இங்கே ஊரே பார்த்தது, மூன்று குளிர்காலம் பார்த்தது, அப்புறம் கருவிகளோடு ஆட்கள் வந்து உட்கார்ந்து அளந்தார்கள்.

ரோரோஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இது செம்பு ஊர். 1644-ல் தொடங்கிய செம்புச் சுரங்கத் தொழில் 1977-ல்தான் மூடியது, 333 வருடம். ஊருக்கு மேலே செம்பு உருக்கிய கசடு கறுப்புக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. 1784-ல் கட்டிய வெள்ளைத் தேவாலயத்தின் கோபுரத்தில் சுரங்கத்துச் சுத்தியல் சின்னத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அந்தக் கசடுக் குன்றில் ஏறி நின்றோம். காலுக்கடியில் கண்ணாடித் துண்டு போல நொறுங்கியது. அண்ணை ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தார்.

இரண்டாம் நாள், ஹெஸ்டாலன்

வாடகைக் கார் எடுத்து ஓலன் வழியாக வந்தோம். ஓலன் தாண்டித் திரும்பியதும் சாலை மேலே ஏறி, சட்டென்று பள்ளத்தாக்கு திறந்துகொள்கிறது. அடியில் ஹெஸ்யா ஆறு, இரண்டு பக்கமும் மெதுவாக ஏறும் சரிவு, சிவப்பு வண்ணக் கொட்டகைகள், மேலே மரமில்லாத மொட்டை மலை. செப்டம்பர் என்பதால் கோடை முழுக்க மலையில் மேய்ந்த செம்மறிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆட்டுக் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தோம்.

நாங்கள் தங்கியிருப்பது ஒரு பண்ணை வீட்டின் மாடியறை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். சூடான வாஃபிளில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டுக் கொடுத்தார். நான் வெளிச்சம் பற்றி எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கப்பட்டே சலித்துப் போயிருப்பார்கள் என்று நினைப்பு. அண்ணைதான் நல்ல நோர்வேஜியனில் பேச்சை எடுத்தார், மீன் ஆலை, குளிர், இருட்டு என்று சுற்றி வந்து, "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்றார்.

அவர் பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைச் சன்னலுக்குப் போனார். எங்களையும் கூப்பிட்டார்.

சன்னலின் மரச்சட்டத்தில், வெள்ளைச் சாயத்துக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் பூசாமல் விட்ட பட்டை ஒன்று இருந்தது. அதில் பென்சிலில் இரண்டு கோடு. அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, 1983 ஜனவரியில் ஒரு சாயங்காலம், அவருடைய அம்மா உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தொட்டியருகே நின்றிருக்கிறார். எதிர் மலைமுகட்டுக்குக் கொஞ்சம் மேலே மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு வெளிச்சம். முழு நிலவில் பாதி அளவு இருந்ததாம். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக மெதுவாக நகர்ந்து, நின்று, அணைந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு வெந்து முடியும்வரை" என்றார். அம்மா கையோடு பென்சில் எடுத்து, தொடங்கிய இடத்துக்கு ஒரு கோடு, நின்ற இடத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார். அதற்கப்புறம் இரண்டு தடவை சன்னலுக்குச் சாயம் அடித்தும் அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

நான் தொட்டியருகே அவர் காட்டிய இடத்தில் நின்று, கையை நீட்டி முட்டியை மடக்கிப் பார்த்தேன். நீட்டிய கையில் மடக்கிய முட்டி ஏறக்குறைய 10 பாகை அகலம் காட்டும், வானம் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற கணக்குதான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒன்றரை முட்டி வந்தது, 15 பாகை. நட்சத்திரமும் கோளும் வானத்தில் 15 பாகை நகர ஒரு மணி நேரம் ஆகும். உருளைக்கிழங்கு வேக 20 நிமிடம் என்று வைத்தால் இது அதைப் போல மூன்று மடங்கு வேகம். அதுபோக, சன்னல் தெற்குப் பார்த்தது. தெற்கு வானத்தில் வெள்ளியோ வியாழனோ இடமிருந்து வலமாகத்தான் போகும். இது வலமிருந்து இடம். அந்த அம்மா ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் பாகைக் கணக்கு மாறும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் திசை மாறாது. வெள்ளிக் கோளைப் பார்த்துவிட்டு ஏதேதோ சொல்கிறார்கள் என்று இந்த ஊர்க்காரர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சமையலறையில் நின்றபோது எனக்குக் கோபமே வந்தது.

மாடிக்கு வந்ததும் அண்ணை சொன்னார்: "இவ சொல்லுறது பொய்யில்லைத் தம்பி. பொய் சொல்லுறவை இவ்வளவு கணக்காச் சொல்ல மாட்டினம்."

ராத்திரி பத்து மணிக்கு மேட்டுவெளிக்குப் போனோம். வடக்கே மெலிதாக ஒரு பச்சை வளைவு தெரிந்தது. எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. அண்ணை அசையவே இல்லை. "உது துருவ ஒளி. ஃபின்மார்க்கில வேலை முடிஞ்சு வரேக்க நெடுகப் பாத்தது." ஒரு மணி வாக்கில் மேகம் மூடிவிட்டது, திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், மழை

நாள் முழுக்க மழை. வெளியே போக முடியவில்லை, அதனால் 1984 பற்றி எழுதுகிறேன்.

முதலில் ராணுவம். 1982-ல் விமானப்படையிலிருந்து இரண்டு பேர் இங்கே வந்து விசாரித்தார்கள். ஊர்க்காரர்கள் 1944 முதலே இப்படிப்பட்ட வெளிச்சங்களைப் பார்த்து வருகிறார்கள், வெளியே சொல்லத் துணியத்தான் பல வருடம் ஆயிற்று என்பது அவர்கள் கேட்டறிந்த விஷயங்களில் ஒன்று. அதற்குமேல் அரசாங்கம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதனால் 1983 கோடையில் எர்லிங் ஸ்ட்ராண்ட் என்ற பொறியாளரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஹெஸ்டாலன் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கருவிகளைக் கடன் வாங்கிச் சேர்த்தார்கள். ராடார், நில அதிர்வுமானி, காந்தமானி, கதிரியக்கம் அளக்கும் கருவி, லேசர், கேமரா. கேமரா லென்ஸுக்கு முன்னால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றுத் தகடு. வெளிச்சத்தின் நிறப்பட்டையைப் பார்த்தால் அது எரியும் வாயுவா, சூடான துகளா, சாதாரண விளக்கா என்று ஓரளவு சொல்லிவிடலாம், அதற்காக.

1984 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை, ஆஸ்போஸ்ஹோலன் என்ற மேட்டில் ஒரு இழுவை வீட்டு வண்டியைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பாதரசம் மைனஸ் 30 வரை இறங்கும் இடம். ஃபிலிம் விறைத்துப்போகும் குளிரில், கையுறையைக் கழற்றி ஷட்டரை அழுத்தி, உடனே நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். கூப்பிட்டால் வராத ஒன்றுக்காக அந்தக் குளிரில் ஐந்து வாரம். அந்தக் காலத்தில் 53 வெளிச்சங்களைப் பதிவு செய்தார்கள். ராடாரில் ஒரு தடவை விநாடிக்கு 8,500 மீட்டர் வேகம் காட்டியது, மணிக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல்.

எல்லோரும் பெரிதாகப் பேசுவது லேசர் சம்பவத்தைத்தான். பிப்ரவரி 12-ஆம் தேதி, ஒரே சீராக விட்டு விட்டு மின்னிக்கொண்டு போன வெளிச்சத்தின் மேல் லேசரை அடித்தார்கள். ஒற்றையாக மின்னியது இரட்டையாக மாறியது. லேசரை நிறுத்தியதும் பழையபடி ஒற்றை. இப்படி 9 தடவை செய்து பார்த்ததில் 8 தடவை மாறியது. எனக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. ஒரே இரவில், ஒரே குழு செய்த ஒன்பது முயற்சியை வைத்து எதையும் கட்ட முடியாது, மறுபடி வேறு ஆட்கள் வேறு இரவில் செய்து பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஒன்பதாவது தடவை மாறவில்லை என்பதையும் சேர்த்து எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களை நம்பலாம் என்று தோன்றுகிறது. ஊரை ஏய்க்க நினைப்பவன் அந்த ஒன்றையும் சேர்த்து ஒன்பது என்றல்லவா எழுதுவான்?

மத்தியானம் என் அம்மாவிடம் போனில் பேசினேன். எதற்கு அங்கே போயிருக்கிறாய் என்று கேட்டதற்கு விவரம் சொன்னேன். "நம்ம ஏரிக்கரையில கொள்ளிவாய்ப் பிசாசு வரும்னு உங்க தாத்தா சொல்வாரே, அதுவாடா?" என்றார். சேற்றில் தழை மட்கி வரும் வாயு தீப்பற்றி எரிவதுதான் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒன்று உறைத்தது. தாத்தா எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த நிறத்தில் பார்த்தார் என்று நாங்கள் யாருமே ஒரு நாளும் கேட்டதில்லை. பிசாசு என்று ஒரு பேர் இருந்தது, பிறகு வாயு என்று ஒரு பேர் வந்தது. தாத்தா போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது.

நான்காம் நாள், தெளிந்த வானம்

எழுதும்போது மணி விடிகாலை மூன்று. கை இன்னும் விறைத்திருக்கிறது, ஆனாலும் தூங்கும் முன் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலமே மேகம் கலைந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மேட்டுவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், ஆளுக்கொரு திசை. 22.47-க்குத் தெற்குச் சரிவில், இருட்டுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஏற்றியது போல வந்தது. அசையவில்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது, பிறகு இரண்டாகப் பிரிவது போல இருந்தது, பிறகு சட்டென்று இல்லை. பதினைந்து விநாடி இருக்கலாம். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எழுந்து கத்தப் போனேன்.

"பொறும் தம்பி. அவசரப்படாதையும். முதல்ல நேரத்தை எழுதும்."

எழுதினேன். அண்ணை தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, அந்தத் திசையில் கோடு பிடித்தார். அங்கே ஒரு சாலை வளைவு இருந்தது. "காராயிருக்கும். வடிவாப் பாப்பம், நான் போய்ட்டு வாறன்" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தனியாக அந்த மேட்டில் அரை மணி நேரம் நின்றேன். அந்த இருட்டையும் அமைதியையும் நான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை, ஆற்றுச் சத்தம் மட்டும் கீழே இருந்து வந்தது. அப்புறம் கைப்பேசி அடித்தது. "இப்ப வாறன், பாரும்." அதே இடத்தில் அதே மஞ்சள் வெளிச்சம் வந்தது. வளைவில் நம் பக்கம் திரும்பும்போது பெரிதானது, இரண்டானது, அடுத்த திருப்பத்தில் அணைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றும் ஒன்று போலவே.

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 2000-த்துக்கு அப்புறம் இத்தாலிய விஞ்ஞானிகள் இங்கே வந்து பல படங்களும் அளவுகளும் எடுத்தார்கள். அவற்றில் சில வெளிச்சங்கள் தூரத்துச் சாலையில் வந்த கார் விளக்குகள்தான் என்று இன்னொரு இத்தாலியர் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மார்ஃபாவிலும் இதே கதை. 2004-ல் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் அங்கே முகாம் போட்டு, தாங்கள் பார்த்த வெளிச்சங்கள் 67-ஆம் எண் நெடுஞ்சாலையின் கார்கள் என்று சோதித்துக் காட்டினார்கள். இன்று அதே சோதனையை நாங்கள் செய்தோம், அவ்வளவுதான்.

நள்ளிரவுக்கு மேல் வடக்கே ஒரு வெள்ளைப் புள்ளி நான்கு நிமிடம் அப்படியே நின்றது. அது விமானம். நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கு நகர்வது தெரியாது. தலைக்கு மேலே வந்ததும் சத்தம் கேட்டது, சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிந்தது.

அப்படியானால் எல்லாமே காரும் விமானமும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சன்னலில் கோடு போட்ட அந்த அம்மா பார்த்தது முகட்டுக்கு மேலே. அந்த முகட்டில் சாலை இல்லை என்பதை இன்று பகலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், முழங்கால் உயரக் குட்டைப் புதரும் பாறையும்தான். அத்தனையும் கார் விளக்கு என்று சொல்பவர்களும், அத்தனையும் வேற்றுக்கிரகத்து வண்டி என்று சொல்பவர்களும் அந்தச் சன்னலை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, இது கார், இது விமானம், இது துருவ ஒளி என்று கழித்துக்கொண்டே வந்தால்தான் மீதி எது என்று தெரியும். கழிக்காமல் வைத்திருந்தால் மீதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாம் நாள், நீலப் பெட்டி

தூங்கி எழுந்ததே பத்து மணிக்கு. மதியம் நீலப் பெட்டியைப் பார்க்கப் போனோம். 1998 ஆகஸ்டில் ஓஸ்ட்ஃபோல்ட் பல்கலைக்கழகக் கல்லூரி இங்கே நிறுவிய தானியங்கி அளவை நிலையம். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் கேமரா தானாகவே படம் பிடித்துக்கொள்ளும், ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எர்லிங் ஸ்ட்ராண்ட் அந்தக் கல்லூரியில்தான் பாடம் நடத்தினார். மைனஸ் 30-ல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அதே ஆள், பதினான்கு வருடம் கழித்து, தூங்காத ஒரு கண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

காரணம் என்னவாக இருக்கலாம் என்பதற்குப் பல யோசனைகள் இருக்கின்றன. பாறையில் உள்ள குவார்ட்ஸ் நெருக்கப்படும்போது மின்னேற்றம் வருகிறது என்பது ஒன்று. பாறையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு, காற்றிலுள்ள தூசியை மின்னேற்றம் செய்கிறது என்பது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் பொலோன்யாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் யாதர் மொனாரி சொல்வது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கப் பாறையில் இரும்பும் துத்தநாகமும், மறுபக்கம் செம்பு, நடுவில் ஓடும் ஆற்றில் பழைய சுரங்கத்திலிருந்து வரும் கந்தகம். அதாவது பள்ளத்தாக்கு முழுவதுமே ஒரு பேட்டரி. இரண்டு பக்கத்துப் பாறையையும் எடுத்துப்போய், நடுவில் ஆற்று வண்டலை வைத்து, அதில் ஒரு சிறு விளக்கை எரிய வைத்தும் காட்டினார்கள். முதல் நாள் ரோரோஸில் அண்ணை கையில் எடுத்துப் பார்த்த கசடு எனக்கு அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. பாறையும் ஆறும் எத்தனையோ காலமாக இங்கேயே இருக்கின்றன. 1981 குளிர்காலத்தில் அப்படி என்ன மாறியது? வாரத்துக்கு 20 தடவை வந்தது, இப்போது ஏன் வருடத்துக்கு 10, 20 தடவை என்று குறைந்துபோனது? பேட்டரி யோசனை வெளிச்சம் எங்கிருந்து வரலாம் என்று சொல்கிறது, எப்போது வரும் என்று சொல்லவில்லை. அது தெரியும்வரை நான் இதை விடை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று ராத்திரியில் ஒரு ராத்திரிதான் முழுதாகத் தெளிந்த வானம் கிடைத்தது. வருடத்துக்கு 10, 20 என்றால் எங்களுக்குக் கிடைக்காமல் போனது நியாயம்தான். கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா, "ஒன்றும் பார்க்கவில்லையே" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். நான் என் குறிப்பேட்டைக் காட்டினேன். 22.47 கார், 00.20 விமானம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "என் அம்மாவும் இப்படித்தான் எழுதுவாள், பால் வண்டி வந்தால் பால் வண்டி என்று" என்றார். பிறகு சமையலறைக்குள் போய் ஒரு பழைய நாள்காட்டியைக் கொண்டு வந்தார். 1983. கட்டங்களில் பென்சிலில் சின்னச் சின்ன எழுத்து, சிலவற்றின் மேல் குறுக்குக் கோடு. ஜனவரிப் பக்கத்தில் கோடு போடாமல் ஏழு இருந்தன. எண்ணிப் பார்த்தேன். படம் எடுக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், சரி என்று வைத்துவிட்டேன்.

இப்போது ரயிலில் இருக்கிறேன், ஹாமர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அண்ணை எதிரே தூங்குகிறார். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு அதே மாடியறையைச் சொல்லி வைத்துவிட்டோம். அதற்குள் கேமராவுக்கு ஒரு கீற்றுத் தகடும், எனக்கு ஒரு நல்ல கம்பளி பூட்ஸும் வாங்க வேண்டும்.